நீங்கள் குடித்த வெள்ளைத் தூள்

எல்லாவற்றையும் நான் முன்னமே சொன்னேன், அண்ணை. உங்கள் வயிறு சுகமாகும் என்றேன். அண்ணியும் மகளும் லண்டன் வந்து சேருவார்கள் என்றேன். இரண்டும் நடந்தன. எனக்கு முந்தி நீங்கள் போவீர்கள் என்பதும் தெரியும். அதை மட்டும் வாய்விடவில்லை. போன மாதம் உங்களை எரித்துவிட்டு வந்தபோதும் சொல்லவில்லை.

இன்று ஸ்ட்ரெதத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். சீன மருந்துக் கடைக் கதவு திறந்து மூடியது. காய்ந்த வேரும் ஈரமண்ணும் கலந்த அதே மணம். பஸ் வந்தது, போனது. ஏறவில்லை. முழங்கால் நோவு ஒருபக்கம். ஏறி எங்கே போவது என்ற அலுப்பு ஒருபக்கம்.

எண்பத்தாறாம் வருசமோ எண்பத்தேழோ. நோர்பரி வீட்டில் ஆறு ஆண்கள். உங்களுக்குச் சாப்பிட்டாலும் எரிவு, சாப்பிடாவிட்டாலும் எரிவு. காற்சட்டையைக் கயிற்றால் கட்டுமளவுக்கு மெலிந்துவிட்டீர்கள். வயிற்றுப்புண் என்று ஆஸ்பத்திரியில் தந்த குளிசையும் கேட்கவில்லை. அதற்குள் முருகனுக்கு நேர்த்தி வேறு: யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்த அண்ணியும் மகளும் வந்து சேரும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. நாங்கள் மீன் பொரித்த தாச்சியில் உங்களுக்கு அப்பளம்கூடப் பொரிக்க விடமாட்டீர்கள்.

நான்தான் உங்களைச் சீனக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போனேன்.

"என்ர பேரன் பெரிய பரியாரி. எனக்கும் நாடி பாக்கத் தெரியும்."

"உம்மட பேரன் மாட்டுக்கெல்லோ வைத்தியம் பாத்தவர்?" என்றீர்கள், பஸ் முழுக்கக் கேட்க.

"மாட்டுக்கு நாலு வயிறு, அண்ணை. உங்களுக்கு ஒண்டுதானே!"

கடையில் ஒரு சீன அம்மா உங்கள் நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். என் நாடி சாத்திரத்தைக் கேட்டு அவர் எழும்பி நின்று என்னைக் கும்பிட்டதாக வீட்டில் சொன்னேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன். வேர், பட்டை, தோடம்பழத்தோல் எல்லாம் நிறுத்தார். கடைசியாக ஒரு லாச்சியை இழுத்துத் திறந்து வெள்ளையாக எதையோ எடுத்து, உள்ளே கொண்டுபோய் இடித்துத் தூளாக்கினார். நீங்கள் வாசலில் வயிற்றைப் பிடித்தபடி குந்தியிருந்தீர்கள்.

பொட்டலம் கைக்கு வந்ததும் முதல் கேள்வி: "இதுக்குள்ள மச்சம் ஒண்டும் இல்லையே?"

"கல்லு, அண்ணை. சீன மலையில வெட்டுற கல்லு. கேட்டனான், சுத்த சைவம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேர்களை அவித்தபோது, "செத்த எலியை அவிக்கிறியளோ?" என்று வீட்டில் ஒருவன் கத்தினான். நீங்கள் முருகன் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடி, தூளைக் கரைத்துக் குடித்தீர்கள். மூன்றாம் கிழமை எரிவு குறைந்தது. இரண்டாம் மாதம் ஒரு கோப்பைச் சோறு முழுதாக இறங்கியது. ஆஸ்பத்திரிக் குளிசையும் கூடவே உள்ளே போனதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. அண்ணிக்கு விசா இல்லை.

"எங்கயோ நேர்த்தியில பிழை விட்டிட்டன்" என்றீர்கள். பிஸ்கட் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தீர்கள், எந்தக் கொழுப்பு போட்டார்கள் என்று. பால் தேத்தண்ணியையும் விட்டீர்கள். இரண்டாம் முறையும் மறுத்தபோது ஒருநேரச் சாப்பாடு. பக்கத்தில் இருந்து மீன்குழம்பு தின்ற எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் அளந்த இந்த வாய், உங்களுக்கு முன்னால் அந்த ஒரு வசனத்துக்குத் திறக்கவில்லை.

மூன்றாம் வருசம் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் உங்களை அடையாளம் தெரியாமல் என் கையைப் பிடித்தாள்.

"பாத்தீரோ டொக்குத்தர், என்ர நேர்த்தி!" அழுதுகொண்டே சொன்னீர்கள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருசம், எத்தனை தேத்தண்ணி. சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பீர்களோ, எழும்பிப் போயிருப்பீர்களோ, இப்போது யாரைக் கேட்பது?

அது கல் இல்லை, அண்ணை. இடிக்க முன்னம் லாச்சிக்குள் முழுதாகக் கிடந்ததைக் கண்டேன். பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியாதா? கணவாய் மீனின் ஓடு.