பேனா தைத்த கை

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. நல்ல தண்ணீர் இன்றும் வரவில்லை, காபி உப்புக் கரித்தது.

பல்லடத்திலிருந்து கூரியரில் கட்டு வந்துவிட்டது. பொம்மலாட்டத்துக்கு நாடகம் எழுதும் போட்டி, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பதினோரு நாடகங்கள். எண் மட்டும், பெயர் கிடையாது. கோழிப்பண்ணைக் குடும்பம் ஒன்றின் அறக்கட்டளை நடத்துகிறது. நடுவர்களில் ஒருவருக்குக் கண் ஆபரேஷன் என்று செயலாளர் சென்னியப்பன் போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க." இந்த மரியாதைக்கு நடுவில் மாட்டேன் என்ற சொல்லை எங்கே வைப்பது. நடுவர்கள் யாரென்று பரிசளிப்பு வரை ரகசியம். நடுவரின் உறவினர் கலந்துகொள்ளக் கூடாது. கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று.

பால்கனி முழுக்கப் பாட்டில்கள், பாட்டில்களின் மேல் காகிதக்கூழ்த் தலைகள். மகள் பிரிசில்லாவின் வேலை. பி.காம். கடைசி வருஷம், படிப்பதைவிட சர்ச் சண்டே ஸ்கூலில் கைப்பொம்மை ஆட்டுவதுதான் அதிகம். இந்த ஈரத்தில் எதுவும் காயாது. வீடெல்லாம் மைதாப் பசை வாடை. ஒரு தலைக்குக் கொண்டையும் கம்பிக் கண்ணாடியும். யார் இது என்றேன். சும்மா ஒரு டீச்சர் என்றாள்.

காலை உப்புமா அவள் செய்தது. "நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா ஜெ. மறுபடியும் போட்டுக்கொண்டார். பசி இல்லாமல். எனக்குக் காட்டுவதற்காக.

ஜூலை 7, திங்கள்

இரண்டு வகுப்பு, ஒரு கமிட்டி. கமிட்டியில் மைசூர்பாகு.

ஆறு நாடகம் முடிந்தது. நான்கில் மரம் பேசுகிறது. ஒன்றில் பிளாஸ்டிக் அரக்கன், கடைசியில் திருந்திவிடுகிறான். ஒன்றில் ஒரே காட்சியில் பதினான்கு பேர். ஆட்டுபவர்கள் இரண்டே பேர் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. நான்கு கைக்கு நான்கு பொம்மை. மற்றதை வாயில் கவ்விக்கொள்வார்களா.

இந்தப் பிள்ளைகள் யாரும் ஒரு பொம்மையைக் கையில் மாட்டிப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. போட்டி மட்டும் இருக்கிறது.

வாங்க: து. பருப்பு, ஜெ. மாத்திரை, சிவப்பு ரீஃபில்.

ஜூலை 8, செவ்வாய்

எண் 7.

முதல் பக்கத்திலேயே குறிப்பு: 'அம்மா பொம்மையின் வலது கையில் சிவப்புப் பேனா வைத்துத் தைத்திருக்கும். நாடகம் முடியும்வரை கழற்ற முடியாது.' அம்மா பிள்ளையைக் கட்டிக்கொள்ள வரும்போதெல்லாம் பிள்ளையின் முகத்தில் ஒரு கோடு விழுகிறது. காட்சிக்குக் காட்சி பிள்ளையின் முகத்தில் கோடுகள் கூடுகின்றன. சத்தமாகவே சிரித்தேன். இதுவரை படித்ததில் பொம்மைக்கென்று எழுதியது இது ஒன்றுதான். மனிதர்கள் நடித்தால் வராது.

மூன்றாம் காட்சி. தாத்தா இறந்து கிடக்கிறார். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் அவர் வயது தப்பு. அம்மா கடைக்குப் போய் நின்று வேறு அடிக்க வைக்கிறாள். இங்கே பெட்டியை மூடுகிறார்கள். பிள்ளை "அம்மா எங்க?" என்கிறது. எல்லோரும் "வந்துருவாங்க கண்ணு" என்கிறார்கள். அம்மா புது ஃப்ளெக்ஸோடு வரும்போது மேடையில் பிள்ளை மட்டும்.

சிரிப்பு நின்றது.

மாமனார் போய் இரண்டு வருஷம். பத்து வயது குறைத்து அடித்திருந்தார்கள். கடையில் நின்றது நான். திரும்பி வந்தபோது கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். பிரிசில்லா மட்டும் எனக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தாத்தாவுக்கு அவளும் மண் போடவில்லை. அன்றைக்கு ஏன் போகவில்லை என்று அவளைத்தான் திட்டினேன்.

பிரிசில்லாவுக்கு இப்படி எழுத வரும் என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக எழுத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறேன்.

மாலை, அவள் அறைக் கதவு பாதி திறந்து. போனில் சிநேகிதியிடம்: "எங்கம்மா படிச்சா செவப்பு இங்க்குல திருத்தி மார்க் போட்டுக் குடுப்பாங்கடி." சிரிப்பு வேறு. ஆக, நடுவர் நான் என்று அவளுக்குத் தெரியாது.

பீன்ஸ் நறுக்கினேன். தேவைக்கு மேல்.

ஜூலை 9, புதன்

சென்னியப்பனிடம் சொன்னால் விதிப்படி அவள் நாடகம் வெளியே. சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. அவளிடமே கேட்டால், படித்துவிட்டேன் என்று ஆகும்.

ஜெ.யிடம், கல்லூரியில் ஒரு சக ஆசிரியைக்கு இப்படி என்று சொல்லிக் கேட்டேன். செய்தித்தாளை மடிக்காமலே, "சொன்னா புள்ளை பேரு போயிரும், சொல்லாட்டி அந்தம்மா பேரு போயிரும். எது போனாப் பரவால்லைன்னு கேளு" என்றார். பிறகு தாளை இறக்கி, "யாரு அந்தம்மா?" என்றார். உங்களுக்குத் தெரியாதவங்க என்றேன். "உனக்குத் தெரியுமா?" என்றார். இந்த மனிதர் வருஷத்துக்கு ஒரு முறைதான் இப்படிப் பேசுவார். நாள் பார்த்துப் பேசுவார்.

ஜூலை 12, சனி

மார்க் போட்டாயிற்று.

எண் 7-க்கு முதலில் 82. பென்சிலில். பேசும் மரங்களில் நல்ல மரத்துக்கு 74. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மகள் என்பதால் எவ்வளவு கூடியிருக்கும்? அதைக் கழித்தேன். என்னைப் பற்றியது என்பதால், கோபமில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள எவ்வளவு கூட்டியிருப்பேன்? அதையும் கழித்தேன். கடைசிக் காட்சி எப்படியும் சரியில்லை. ஆட்டுபவர் பொம்மையைக் கழற்றிவிட்டு வெறும் கையைக் காட்ட வேண்டுமாம். மலிவான உத்தி. கைதட்டு வாங்கும்.

61.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கருத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். எண் 7-க்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, சந்தேகம் வரும் என்று. 'நன்று. இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.' யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி.

கூரியர் கடையில் ஒட்டும்போது அந்தப் பையன் டேப்பை நான்கு சுற்று சுற்றினான். போதும் என்றேன்.

அவரிடம் சொல்லவும் இல்லை, அவளுக்குக் கொடுக்கவும் இல்லை. இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று. பால்கனியில் இரண்டு பாட்டில் உருண்டது. கண்ணாடிக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாளை பல்லடத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாக பிரிசில்லா சொன்னாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் சென்னியப்பனைக் கூப்பிட்டு, காய்ச்சல், நாளை பரிசளிப்புக்கு வர முடியாது என்றேன். "மேடைல சும்மா உக்காந்தாப் போதுமுங்க. கார் அனுப்பறனுங்க" என்றார். எழுதினவங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்காராம், தோத்தவங்களையும். ஊக்கமாம்.

இன்று இரவு அவள் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஜூலை 19, சனி

கல்யாண மண்டபம். வாசலில் யாரோ காலையில் நடத்திய நிச்சயதார்த்தத்தின் வாழைமரம் அப்படியே. பரிசுப் பணத்தோடு ஒரு வெட் கிரைண்டர், நாடகம் எழுதியதற்கு. மற்ற நடுவர்கள்: வானொலியில் நாடகம் போட்ட ரங்கநாதன், சத்தியமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பொன்னாடை மூன்று. எனக்குப் போர்த்தியபோதுதான் அவளைப் பார்த்தேன். நான்காவது வரிசை, அந்தச் சிநேகிதி பக்கத்தில். அவள் எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

பரிசு ஒன்றுதான், அது பேசும் மரத்துக்கு. கிரைண்டரைத் தூக்க இரண்டு பேர்.

பரிசு கிடைக்காதவர்களுக்கும் நடுவர்களின் கருத்தை வாசிக்கிறேன், எண் சொன்னதும் எழுந்து நில்லுங்க கண்ணுகளா என்றார் சென்னியப்பன். நல்ல மனசு. ஆளைக் கொல்லும் அளவுக்கு நல்ல மனசு.

"ஏழாம் நம்பருங்க. ரங்கநாதன் சாருக்கும் ஹெட்மாஸ்டருக்கும் இதுதான் மொத எடமுங்க. எங்களுக்கே வருத்தந்தான். மூணாவது நடுவர் கொஞ்சம் கறாருங்க." மண்டபத்தில் சிரிப்பு. பிரிசில்லா எழுந்து நின்றாள். ரங்கநாதன் எழுதியதை வாசித்தார், நீளம். தலைமையாசிரியர் எழுதியதை வாசித்தார். பிறகு என்னுடையதை.

'நன்று. இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.'

உப்புமா. எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது.

அவள் அழவில்லை. வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். ஆள்காட்டி விரல் தலை, கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கை. பொம்மை மாட்டாத பொம்மை. அது மேடையைப் பார்த்து மெதுவாகக் குனிந்து வணக்கம் வைத்தது. சென்னியப்பன் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது மேடையில்.

நான் காரில். அவள் பஸ்ஸில். முன்னால் வந்து சேர்ந்தது நான்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். தலைகள் காய்ந்துவிட்டன. சர்ச்சுக்கு ஜெ. மட்டும் போனார்.

பிரிசில்லா பால்கனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். அவள்தான் ஆரம்பித்தாள். தன் நாடகம் என்று எந்த இடத்தில் தெரிந்தது என்று கேட்டாள். ஃப்ளெக்ஸ் கடை என்றேன். எவ்வளவு போட்டீங்க என்றாள். சொன்னேன்.

"மொதல்ல எவ்வளவு?"

"எண்பத்திரண்டு."

"அப்புறம் ஏம்மா கொறச்சீங்க?"

நியாயமா இருக்கணும்னுதான் என்றேன். கத்தரிக்கோலை வைத்தாள்.

"நம்ம ஊட்டுல நியாயம் எப்பவும் எம்மேலதாம்மா உழுகுது."

உங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும் என்றேன். ஆமா என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வந்தவள், அது தப்பில்லாத வாக்கியமாக வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை.

அடுத்த மாசம் சர்ச் ஹாலில் அந்த நாடகத்தைப் போடுகிறார்களாம், பரிசு இல்லாமலே. கண்ணாடிக்காரியின் தலையைப் பாட்டிலிலிருந்து எடுத்துப் பாவாடைத் துணிக்குள் பொருத்திக் கையில் மாட்டிப் பார்த்தாள். என் பக்கம் திருப்பவில்லை.

"உங்க பேனா ஒண்ணு குடுங்க. கடைல வாங்கறது லேசா இருக்கு, பொம்மை கைல நிக்க மாட்டேங்குது."

மேசையிலிருந்து எடுத்து வந்தேன். புது ரீஃபில் போட்டது. பழைய துணியில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். எழுதியது. பொம்மையின் வலது கையில் வைத்து, கறுப்பு நூலால், சுற்றிச் சுற்றித் தைக்க ஆரம்பித்தாள். இறுக்கமாக. பேனாவின் மூடியை நிமிராமலே என்னிடம் நீட்டினாள்.

"இது வேண்டாம்."

வாங்கிக்கொண்டேன். இதை எழுதுவது ஜெ.யின் நீலப் பேனாவில். மூடி இன்னும் இடது கையில்.