ஒரு தட்டு என்றால் அமுக்கவும்

திருத்தணி,
8.6.2025

திரு. ஜெகநாதன் அவர்களுக்கு,

வணக்கம். என் அக்காவின் கணவர் என்ற முறையில் அல்ல, என் காரின் ஸ்டீரிங்கை வைத்திருப்பவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2011 ஆடிக் கிருத்திகையன்று மலைப்பாதையில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், "இந்த ஆளுகிட்ட இனிமே வாயத் தொறந்து பேச மாட்டேன், முருகன் மேல சத்தியம்" என்று நான் சொன்னது நினைவிருக்கும். சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. இந்த முடிவுக்கு வர எனக்குப் பதினான்கு வருடம் ஆனது. போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். வாட்ஸப்பும் வேண்டாம். அதில் நீங்கள் குரலை அனுப்புவீர்கள்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கவிப்பிரியா இங்கே வந்தாள். "மாமா, மாப்ள அழைப்புக்கு ராஜீவ ஊர்வலமா கூப்டுகினு வரப் போறது நான்தான். நம்ம கார்ல. நானே ஓட்டப் போறேன்" என்றாள். பெண் வண்டி ஓட்டி மாப்பிள்ளையை அழைப்பதை மாப்பிள்ளை வீட்டு அம்மையார்குப்பத்துக்காரர்கள் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டேன். "அவுங்கள நான் பாத்துக்கறேன். காரும் வரணும், நீயும் வரணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். பிடிவாதம் எந்தப் பக்கத்து ரத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார் இன்னும் என் ஷெட்டில்தான் நிற்கிறது. நாம் சேர்ந்து வாங்கிய அதே 1982 மாடல், இரண்டு கதவு ஜப்பான் கூபே. படுத்த மூக்கு, அதன் மேல் திறந்து மூடும் இரண்டு விளக்கு. அந்தக் கிருத்திகைக்கு மறுநாள் காலை நீங்கள் வந்து கழற்றிக்கொண்டு போன ஸ்டீரிங் மட்டும் இல்லை. அதை அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
க. பூபாலன், எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.


அரக்கோணம்,
14.6.2025

அன்புள்ள மச்சான் பூபாலனுக்கு,

உன் அக்கா உன் கடிதத்தைக் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்துப் பிரித்துவிட்டாள். "ஐயோ, என் தம்பி கையெழுத்து!" என்று கத்தியதில் எதிர் வீட்டு ரத்தினம்மாள் ஓடி வந்துவிட்டார். சாவுச் செய்தி என்று பயந்துவிட்டாராம். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போனார்.

ஸ்டீரிங் எங்கள் கூடத்துச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "இன்னா சார், வூட்ட ஓட்டிகினு எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். அன்றைக்கு அதைக் கையில் பிடித்தபடி திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஏன் சார், என்னுது புடிக்கலியா?" என்றார். அரக்கோணம் வரைக்கும் பஸ்ஸே சிரித்தது. உனக்கு இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியது தப்பு என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. கூபே என்றால் பாயப் போகிற புலி மாதிரி பதுங்கி நிற்க வேண்டும். நீ அதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜீப் மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தாய். நிறமும் அப்படியே, சாணி நிறம். மஞ்சள் அடி என்று அன்றைக்கே சொன்னேன்.

புதன்கிழமை உன் அக்கா ஷோபனாவே ஸ்டீரிங்கை எடுத்துக்கொண்டு வருவாள். அவளுக்கு நல்ல காபி கொடு.

அன்புடன்,
ஜெகநாதன்


திருத்தணி,
29.6.2025

திரு. ஜெகநாதன் அவர்களுக்கு,

ஸ்டீரிங் வந்தது. அக்காவுக்குக் காபி கொடுக்கப்பட்டது.

ஸ்டீரிங்கின் நடுவில் குங்குமம் அடுக்கடுக்காகக் காய்ந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைத்திருக்கிறீர்கள். அடுத்தவன் வண்டியின் ஸ்டீரிங்குக்கு. சுரண்டி எடுக்க உட்கார்ந்தேன். பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

புலி பதுங்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பதுங்கிய புலியின் வயிறு மலைப்பாதை வேகத்தடையின் மேல் உட்கார்ந்துகொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றதே, அதையும் எழுதியிருக்கலாம். உள்ளே பட்டுப்புடவையில் அக்காவும் என் மனைவி தேவகியும். பின்னால் கிலோமீட்டர் கணக்கில் பக்தர்கள். காவடியைக் கீழே வைக்கக் கூடாது என்பதால், ஒரு தோளில் காவடியும் மறு கையில் நம் பம்பருமாக, "அரோகரா" என்று சொல்லி வண்டியைத் தூக்கினார்கள். ஊரே பார்த்தது. கல்லூரியில் எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவியைத் தட்டிப் பறித்தவனும் கூட்டத்தில் நின்று சிரித்தான். அவனையும் நான் மறக்கவில்லை.

வண்டி நிலவரம். ஏர் ஃபில்டரில் அணில் குடும்பம் இருந்தது, நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்தேன். ஒயர்களை எலி தின்றிருந்தது. பெட்ரோல் டாங்கில் சிறு ஜல்லியும் தண்ணீரும் போட்டு நானும் தேவகியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவை எடுத்தோம். "கல்யாணமான புதுசுல கூட நீ இவ்ளோ நேரம் என் கையப் புடிச்சதில்ல" என்றாள். கார்புரேட்டரைப் பிரித்து, கழுவி, மாட்டினேன். நேற்று சாயங்காலம் இரண்டு முறை இருமிவிட்டு, எஞ்சின் உறுமத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

விளக்கு ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது. வாசலில் சோதித்தபோது வார்டு கவுன்சிலரின் சம்சாரம் அந்தப் பக்கம் வந்தார். வண்டி அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. கவுன்சிலர் வந்து விளக்கம் கேட்டுவிட்டுப் போனார்.

க. பூபாலன், எம்.எஸ்ஸி.


அரக்கோணம்,
6.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கவுன்சிலர் சம்சாரத்தைப் படித்துவிட்டு உன் அக்கா சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

சென்னைக்குப் போயிருந்தேன். புதுப்பேட்டையில் பழைய ஸ்பிரிங் ஒரு ஜோடி கிடைத்தது, கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ வைத்திருந்த உயரத்துக்கும் நான் வெட்டிய உயரத்துக்கும் நடுவில் நிற்கும். இது சமாதானம் இல்லை. கல்யாணத்தன்று என் மாப்பிள்ளை வேகத்தடையில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

மஞ்சளை யோசித்தாயா?

ஜெகநாதன்


திருத்தணி,
20.7.2025

ஜெகநாதன் பாவா அவர்களுக்கு,

ஸ்பிரிங் மாட்டியாகிவிட்டது. உயரம் பரவாயில்லை. மஞ்சள் முடியாது. வண்டி பிறந்த நிறம் பழுப்பு, பழுப்பிலேயே இருக்கும்.

இப்போது ஒரு சிக்கல். பிரேக் ரப்பர்கள் எல்லாம் புதிது போட்டேன். அதில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தையை மிதிப்பது போல இருக்கிறது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். மூடும் முன் பெடலை விட்டுவிட்டால் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும். அதனால் 'அமுக்கு', 'விடு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தேவகியை உட்கார வைத்தேன். நடுவில் இருக்கும் பெடல் என்றேன். "நடுவுலன்னா எங்கேர்ந்து எண்ணணும்?" என்றாள். அக்காவோ, "அந்த வண்டில ஒருதபா ஏறி மானம் போனது போதும்" என்கிறாள். இந்த ஊர் மெக்கானிக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது வேறு கதை.

ஆகவே நீங்கள் வர வேண்டியிருக்கிறது. வாயைத் திறக்காமல் செய்ய ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நான் கீழிருந்து ஸ்பேனரால் வண்டியின் அடியில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் அமுக்கவும். இரண்டு தட்டு என்றால் விடவும். ஞாயிறு காலை வரவும். மதியச் சாப்பாடு இங்கேதான் என்று தேவகி சொல்கிறாள், நான் சொல்லவில்லை.

பூபாலன்


அரக்கோணம்,
28.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீ பேசிவிட்டாய்!

மழுப்பாதே. மூன்று சக்கரம் வரைக்கும் கோயில் மணி மாதிரி வேலை நடந்தது. நீ தட்டினாய், நான் அமுக்கினேன். நீ தட்டினாய், நான் விட்டேன். ஊமைகள் இரண்டு பேர் கச்சேரி செய்வது போல இருந்தது. நான்காவது சக்கரத்தில்தான் மலைக்குரங்குகள் உன் தகரக் கூரையில் இறங்கின. டம் டம் என்று இரண்டு குதி. விட்டுவிட்டேன். அடுத்து டம் என்று ஒன்று. இருந்த பலம் எல்லாம் சேர்த்து அமுக்கினேன். கீழே குழாய் கழன்று பிரேக் ஆயில் மொத்தமும் உன் மூஞ்சியில்.

அப்போது நீ என்ன சொன்னாய்? "யோவ் பாவா! கால எடுய்யா! நான் தட்டவே இல்லியே!" என்றாய். தெருவுக்கே கேட்டது. தேவகி கையில் கரண்டியோடு ஓடி வந்து, "இப்ப பேசினது யாரு?" என்று கேட்டாள். நீ படுத்தபடி என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பதில் சொன்னால் உனக்குப் பாவம் சேருமோ என்று பயந்து, நான் டாஷ்போர்டை இரண்டு தட்டு தட்டினேன்.

பிறகு மாலை வரைக்கும் நீ வாயே திறக்கவில்லை. பிரேக் மட்டும் கல் மாதிரி பிடிக்கிறது. தேவகியின் வத்தக்குழம்பு பிரமாதம்.

ஜெகநாதன்


திருத்தணி,
3.8.2025

பாவாவுக்கு,

அது பேச்சு அல்ல. எரிச்சலில் ஒரு உயிர் எழுப்பும் ஓசை. தேள் கொட்டினால் யாரும் பேசுவதில்லை, அலறுகிறார்கள். நான் இயற்பியல் படித்தவன். ஓசை வேறு, உரையாடல் வேறு என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் பாதி விடுபட்டிருக்கிறது. டாஷ்போர்டைத் தட்டிய பிறகு நீங்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, என் தலையை மடியில் வைத்து, கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். உங்கள் புதுச் சட்டையாலேயே துடைத்தீர்கள். அந்த வயலட் சட்டை இனி எதற்கும் ஆகாது. நான் குறைகளை மட்டும்தான் நினைவில் வைப்பவன் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதையும் எழுதி வைக்கிறேன்.

தகுதிச் சான்றிதழ் வாங்க எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டு போகிறேன். அது கிடைக்காமல் கவிப்பிரியா கையில் சாவி கொடுக்க மாட்டேன்.

பூபாலன்


அரக்கோணம்,
9.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சரி, அலறல்தான். நான் வாதாடவில்லை. ஆனால் பதினான்கு வருடம் 'இந்த ஆளு' என்றவன், கண் எரியும்போது அக்கா புருஷனை முறை சொல்லி 'பாவா' என்று அலறினாய். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நேற்று கவிப்பிரியா கேட்டாள். "கார் ரெடியாயிடுச்சு. மாமா வருமாப்பா? மாலை போட்டு மணையில உக்கார வெக்குமா?" வண்டி மண்டபத்து வாசலில் நிற்க, தாய்மாமன் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அவள் சொன்னதைச் செய்துவிடுவாள். உன் ரத்தம்தான் அது. செப்டம்பர் மூன்று மாப்பிள்ளை அழைப்பு, நான்கு முகூர்த்தம். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஜெகநாதன்


திருத்தணி,
24.8.2025

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் மலைக்குப் போய் ஒரு குருக்களிடம் கேட்டேன். ஓசை, உரையாடல் என்று என் வாதத்தை எல்லாம் சொன்னேன். அவர் பூக்கூடையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பாவான்னு கூப்ட்டீங்களா?" என்றார். "ஆங்" என்றேன். "அப்போ பேசியாச்சு. மொட்ட போட்டுகினு போய் மன்னிப்பு கேட்டுக்கோங்க. கிருத்திகைக்கு கிருத்திகை இந்த மாதிரி சத்தியத்த எல்லாம் மனசுல வெச்சிகினு இருக்க முருகனுக்கு வேற வேல இல்லியா?" என்றார்.

வரும் ஞாயிறு காலை மொட்டை. கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் மொட்டையாகத்தான் இருப்பேன் என்று கவிப்பிரியாவிடம் சொல்லிவிடுங்கள். மாலை என் கையால்தான். மணையில் உட்கார வைக்கப் போவதும் நான்தான்.

எஃப்.சி. வந்துவிட்டது. இரண்டு விளக்கும் திறக்கின்றன. கவுன்சிலர் வீட்டுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது.

இன்னொன்று. கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து ஷெட்டிலேயே பெயின்ட் அடித்தேன். நான்கு கோட். மஞ்சள். வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். நீங்கள் சொன்னது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அந்தத் தாழ்ந்த மூக்கும் அந்த மஞ்சளும் சேர்ந்தால், ஆமாம், பதுங்கியிருக்கிறது. சந்தனம் பூசிய மொட்டையோடு பக்கத்தில் நான் நின்றால் எது வண்டி எது மனிதன் என்று தெரியாது என்கிறாள் தேவகி.

ஞாயிறு காலை மலைக்குப் போக நீங்கள் மூவரும் இங்கே வர வேண்டும். கவிப்பிரியா ஓட்டட்டும். அக்கா முன் சீட்டில். ஏற மாட்டேன் என்று சொல்லிப் பார்ப்பாள், நிறத்தைப் பார்த்ததும் ஏறிவிடுவாள். பின் சீட்டு இரண்டு பேருக்கு என்று பெயர்தான். முழங்கால் தாடையில் இடிக்கும். அதில் நீங்களும் நானும். தேவகி பஸ்ஸில் வருகிறாளாம். பிழைக்கத் தெரிந்தவள்.

அந்த வேகத்தடையைத் தாண்டியதும் நான் பேச ஆரம்பிப்பேன். பதினான்கு வருடக் குறை இருக்கிறது. ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பித்து, துறைத் தலைவர், மெக்கானிக், வயலட் சட்டை வரைக்கும் ஒன்றையும் விட மாட்டேன். மலை ஏறி இறங்கும் வரைக்கும் நான்தான் பேசுவேன். நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றால் முன் சீட்டை இரண்டு தட்டு தட்டவும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள் மச்சான்,
பூபாலன்