மண்ணுக்குள் போகாத கம்பி

எக்கரீட், ஸ்மோலாந்து, சுவீடன்
3 மார்ச் 2005

அன்புள்ள மார்கிட்டுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. தொலைபேசி இன்னும் வராததால் எழுதுகிறேன்.

ஜனவரிப் புயலில் சாய்ந்த மரங்களை அறுக்கும்போது ஒரு மரத்தடி உருண்டு என் வீட்டுக்காரர் ஹில்டிங்கின் இடுப்பில் விழுந்தது. போனை எடுத்தேன், செத்துக் கிடந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட ஏழு கிலோமீட்டர், விழுந்த மரங்களை ஏறித் தாண்டிப் போனேன். திரும்பி வந்தபோது அவருடைய திறந்த வாயில் பனி நிரம்பியிருந்தது.

போன வாரம் டெலிபோன் கம்பி ஆள் வந்தான். "மூணு வருஷம் முன்னாடியே கம்பியைப் புதைக்க வந்தோம்மா. மண்ணுக்குள்ள இருந்திருந்தா புயல் என்ன பண்ணும்? ஒரு வீட்டுக்காரங்க நிலம் தரல" என்றான். எந்த வீடென்று சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? உன் ஸ்ட்ராபெரி வயலில் கோழி நுழைந்தாலே கத்துகிறவள் நீ. நிலம் தராதவள் நீதான் என்று கடையிலும் சர்ச்சிலும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் உன்னோடு காபி குடித்தேனே.

குன்வோர்


12 மார்ச்

அன்புள்ள குன்வோர்,

நான் கொடுத்த ஜாம் புட்டிகளை ஊரார் என் வாசலில் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலது பாதி தின்றது.

கம்பிக்கு நிலம் தருவது பற்றி எல்லாரும் ஊர்ச் சாலையைப் பார்த்துக்கொள்ளும் சாலைச் சங்கம் வழியாகத்தான் பதில் சொன்னோம்; சங்கத்தின் காகிதங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. நான் சம்மதம் எழுதினேன். மறுத்த கடிதம் ஒன்றே ஒன்று. நீயே பார்க்க வேண்டும் என்று அதை இதோடு வைத்திருக்கிறேன், திருப்பி அனுப்பு. "நாலு மீட்டர் அகலத்துக்கு என் மரம் போகணுமா? இவனுங்க போன் பேச நான்தான் கெடைச்சேனா?" என்றார், அதைக் கொடுக்க வந்த உன் வீட்டுக்காரர். அவர் பெயருக்குக் கீழே உன் கையெழுத்தும் இருக்கிறது.

உனக்கு நோகும் என்றுதான் அடக்கத்தன்று வாய் திறக்கவில்லை. சர்ச்சில் ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும்.

உன் மார்கிட்


21 மார்ச்

மார்கிட்,

என் கையெழுத்துதான். "ரோட்டுல பனி தள்ற விஷயம், போடு" என்றார். மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டேன். ஏழாவதோடு நின்றவளுக்கு அவர் சொன்னதே படித்த மாதிரி.

நீ அனுப்பிய அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். கம்பி புதைக்கச் சம்மதமும் கொடுத்துவிட்டேன். மிச்சமிருக்கும் அவர் மரங்களை அறுக்கட்டும்.

நேற்று சர்ச்சில் எல்லாரும் வந்து என் கையைப் பிடித்தார்கள். நீ கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து என்னையே பார்த்தாய். நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அவர் பெயரைக் கெடுத்துவிட்டு அவர் கல்லறையில் எப்படிப் பூ வைப்பேன்? நீ உயிரோடு இருக்கிறாய், தாங்கிக்கொள்.

தொலைபேசி வந்தபிறகு என்னைக் கூப்பிடாதே.

குன்வோர்