துரையின் நாய்க்குப் பெரிய எழுத்து

5 மார்ச் 1934, திங்கள்
விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் தேடி முனியம்மா வந்தாள். மகள் கெமாஸில், தலைப்பிரசவம். ஒரு வாரம் லீவு வேண்டும். சொல்லாமல் போனால் பேரை வெட்டிவிடுவார்கள், லயத்து வீடும் போய்விடும். துரைக்கு இங்கிலீஷில் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன்.

துரை கைக்குப் போகுமுன் ஆபீஸ் பெரிய கிராணி பார்க்க வேண்டும். அவர் சிவப்பு மை எடுத்தார். "துரை சம்பந்தப்பட்டதெல்லாம் கேபிடல் எழுத்துல வரணும், தங்கச்சி. மானேஜர், எஸ்டேட், பங்களா. லீவும் துரை கொடுக்கிறதுதானே? அதுவும் கேபிடல்."

"மகள்?" என்றேன்.

"கூலியோட மகள். சின்னது போதும்."

செவ்வாய்
ஆள் பேர், ஊர் பேர், மாதம், கிழமை: பெரிய எழுத்து. மற்றப் பெயர்ச்சொல்லுக்கு வரி நடுவில் சின்ன எழுத்து. கான்வென்டில் எட்டு வயதில் படித்தது. இவருக்கு இருபது வருஷ சர்வீஸ். துரையின் நாய்க்கு இறைச்சிச் சீட்டு எழுதினால் நாய்க்கும் கேபிடல். முனியம்மா பேரை மட்டும் சின்ன எழுத்தாகத் திருத்தியிருக்கிறார்! மடையர்.

சரியாகவே மறுபடி எழுதினேன். விதியை அரைத்தாளில் எழுதிக் குத்தி அனுப்பினேன்.

புதன்
லெட்டர் திரும்பி வந்தது. சின்னக் கிராணியிடம் சிரித்தாராம்: "மண்டோர் மக பி.ஏ. படிச்சிட்டு எனக்கு ஏ பி சி டி சொல்லித் தர்றா லா!"

மண்டோர் அப்பாவுக்குக் கூலிகளை மேய்க்கத்தான் தெரியும், கிராணியை எதிர்க்கத் தெரியாது: "அவரு சொல்றபடியே எழுதிக் குடேன், பாப்பா." மாட்டேன். மூன்றாம் தடவையும் சரியாகவே.

வாசலில் முனியம்மா. "ஆச்சா, டீச்சரம்மா?"

"நாளைக்கு."

வியாழன்
காலைப் பிரட்டில், ஆளெண்ணும்போது, முனியம்மா பேர் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அவள் பக்கத்து வீட்டு அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்து சாயங்காலமே போயிட்டா. 'அவங்க சண்டை முடியிற வரைக்கும் எம்பொண்ணு வயித்துல புள்ள காத்திருக்குமா'ன்னா."

சனிக்கிழமை பேரை வெட்டுவார்களாம்.

வெள்ளி
எழுதிவிட்டேன். கிராணி சொன்ன எழுத்திலேயே; கேட்டபின்தான் போனாள் என்றிருக்க, திங்கட்கிழமைத் தேதி போட்டு. மூன்று நிமிஷம்.

"இப்பத்தான் இங்கிலீஷ் வந்திருக்கு," என்றார் கிராணி.

துரை படியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படிக்கவே இல்லை.

செவ்வாய்
13 மார்ச். வெயில். முனியம்மா வந்துவிட்டாள். பேரன். சுகப்பிரசவம்.

"லீவு கெடச்சிருச்சு," என்றேன். "துரை வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டார்."

வெற்றிலையைத் துப்பினாள். "வியாழக்கிழமையே பொறந்துட்டான், டீச்சரம்மா."