பாதிப் பாட்டில் போர்த்திய துண்டு

ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி, மகன் வீடு.

எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மனமில்லை.

இன்று மகனோடு பேத்தி கயலின் ராக் கச்சேரிக்குப் போனேன். அதில் அவள்தான் பியானோ. மகள் மேடையேறுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. "ஐயா, நீங்க ஒருக்கப் பாருங்க. வேண்டாம்னு சொன்னா இன்னையோட நிப்பாட்டிருவோம்" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

கடற்கரையில் ஒரே புழுக்கம். டிரம் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. கயல் நின்றுகொண்டே வாசித்தாள். தகரக் கூரையில் மழை இறங்குகிற மாதிரி இருந்தது.

எங்கள் பந்தல்குடிப் பக்கம் நாதசுரமோ கரகாட்டமோ மனதுக்குப் பிடித்துவிட்டால், நடந்துகொண்டிருக்கும்போதே மேடையேறித் துண்டு போர்த்துவோம். வீட்டுப் பெரியவர் போர்த்திவிட்டால் பிறகு யாரும் குறை சொல்வதில்லை. நானும் ஏறிப் போர்த்திவிட்டேன்.

கயல் விரலை நிறுத்தவில்லை. "தாத்தா, பாட்டு பாதிதான் முடிஞ்சிருக்கு. எறங்குங்க" என்று சிரித்தாள். பாடுகிற பையன் எனக்கு வழிவிட்டுக்கொண்டே பாடினான். கூட்டம் கைதட்டியது.

"மானத்த வாங்கிட்டீக ஐயா" என்றான் மகன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அடுத்த கச்சேரி எப்பன்னு அவகிட்டக் கேளுங்க" என்றான்.

"நீயே கேளு" என்றேன்.

இப்போது கூடத்தில் அவனும் கயலும் பேசுகிறார்கள். அவன் குரலில் கோபம் இல்லை. என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்க வேண்டும், பேனாவை வைக்கிறேன்.