ஏழு நிமிடம் மூத்தவள்

மார்ச் 3

அடியே சின்னவளே,

அப்பாவுக்குக் கை ஆட ஆரம்பித்தது நாற்பத்தெட்டில். நமக்கு இப்போது நாற்பத்தாறு. என் மகள் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறாள். "அம்மா, அந்த நோய் உனக்கு இல்லன்னா எனக்கும் வராது. ரத்தம் குடுத்துப் பாரேன்" என்கிறாள். பெற்றவள் எப்படி மறுப்பது?

டாக்டரம்மா விளக்கினார். மரபணுவில் ஒரு சின்னத் துண்டு தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் இந்த நோயாம். அப்பாவிடமிருந்து அது நமக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். "தங்கச்சியும் நீங்களும் ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பொறந்தவங்களா? அப்போ உங்க ரிசல்ட்தான் அவங்களுக்கும்" என்றார். நீ வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன்.

போன தடவை மாதிரி மூன்று வாரம் கழித்துப் பதில் போடாதே, சோம்பேறி. அந்தப் பழுப்புச் சட்டையைத் தூக்கி எறிந்தாயா இல்லையா?

அக்கா

மார்ச் 9

ஏழு நிமிடம் மூத்த அக்காவுக்கு,

ரத்தம் கொடு. பிள்ளை கேட்கும்போது குறுக்கே நிற்க நான் யார்? ஆனால் எனக்குத் தெரிய வேண்டாம். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவள் நான். இடுக்கியில் மயிரிழை போன்ற சுருள்வில்லைப் பிடித்துக்கொண்டு, "ஆடுதா, ஆடுதா" என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தால் அன்றே கடையை மூட வேண்டியதுதான்.

ரிசல்ட் வந்தபின் போன் செய்யாதே. உன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். எதுவாக இருந்தாலும் வழக்கம்போலக் கடிதம் போடு. அதைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

சட்டை என்னுடையது. உனக்கென்ன?

தங்கை

ஏப்ரல் 20

என் செல்லத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன், அறையே அழகாக இருக்கிறது. மாப்பிள்ளை புது வேலையில் சேர்ந்துவிட்டார். பதில் போட அவசரமில்லை, முடிந்தபோது எழுது கண்ணே. அந்தப் பழுப்புச் சட்டை உனக்கு எடுப்பாகத்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

மூன்று முறை படித்தேன். நாற்பத்தாறு வருடத்தில் நீ என்னைத் திட்டாமல் எழுதிய முதல் கடிதம் இது. செல்லமாம், கண்ணேயாம்! உனக்குப் பொய் சொல்ல வருமா?

முதலில் உன் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகுதான் உறைத்தது, எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நீ அங்கே தனியாக அழுதிருக்கிறாய் என்று. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது. சின்ன வயதில் எல்லாவற்றையும் சண்டை போட்டுப் பங்கு பிரித்தோம். இது மட்டும் ஆளுக்கு முழுசாகக் கிடைத்திருக்கிறது, பார்.

இன்று விரல் ஆடவில்லை. ஆறு கடிகாரம் முடித்துக் கொடுத்தேன். பிள்ளை தனக்கும் பரிசோதனை செய்து பார்க்கிறேன் என்றால், சின்னம்மா கூட வருவாள் என்று சொல்.

பத்து நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தனித்தனியாகப் பயந்தது போதும். கட்டிலில் சுவர்ப் பக்கம் எனக்கு.

சின்னவள்