அஞ்சு டிகிரி

மார்ச் 4, திங்கள்

இன்று புலம்பல் அண்ணன் தன் வளையத்தை அறுத்தார். எங்கள் ஆலையில் அதுதான் சட்டம். கெட்டுப்போன பாகத்தைச் செய்தவரே பட்டை ரம்பத்தில் வைத்து இரண்டாக அறுக்க வேண்டும். ராணுவத்துக்குப் போகும் சாமான், முழுசாகக் குப்பையில் போட்டால் எவனாவது பொறுக்கி எங்கேயாவது மாட்டிவிடுவானாம். ரம்பம் அலறியதும் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்க்க வருவோம். அது சட்டத்தில் இல்லை, நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

அண்ணன் டூலைத் திட்டினார், எண்ணெயைத் திட்டினார், தன் ஜாதகத்தையும் விடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "அண்ணே, ரெண்டு பாதியையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றேன். மொத்த ஆலையும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் நான் ஏன் புலம்பல் என்று பெயர் வைக்கப் போகிறேன்?

இங்கே எல்லாருக்கும் பெயர் வைத்தவள் நான்தான். மேலாளர், பிரசங்கி. வாரம் ஒருமுறை "குறை என்பதே கூடாது" என்ற பலகைக்குக் கீழே நின்று அரை மணி நேரம் பேசுவார். அந்தப் பலகையே கோணலாகத் தொங்குகிறது. சோதனை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், காய்ச்சல்காரி. வெப்பமானியும் கையுமாக அலைந்து இரும்புக்கு ஜுரம் பார்க்கிறாள். எந்தப் பாகமானாலும் அவள் அறையில் நாலு மணி நேரம் ஆறினால்தான் அளப்பாளாம். பிள்ளைக்குப் பால் ஆற்றுகிறாளா? லேத்தில் பதினாலு வருஷம் நின்றவள் நான். என் கையே வெப்பமானி. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன்.

மார்ச் 6, புதன்

பிரசங்கி கூப்பிட்டார். எனக்குச் சொந்த முத்திரை தரப்போகிறார்களாம்!

நான் சேர்ந்த அன்று "இந்தப் பொண்ணு இரும்பைத் தூக்குமா, இரும்பு இந்தப் பொண்ணைத் தூக்குமா" என்று கேட்ட அதே வாய். சொந்த முத்திரை இந்த ஆலையில் மூன்றே பேருக்குத்தான் உண்டு. அவர்கள் செய்த பாகம் சோதனை அறைக்குப் போக வேண்டாம். தாங்களே அளந்து, கூட வரும் அட்டையில் குத்தினால் நேராக வண்டி. அடுத்து வரும் எட்டு வளையங்களை நான் ஒழுங்காக அனுப்பிவிட்டால், புதிதாகத் திறக்கும் ஐந்து மெஷின் பகுதிக்கு நான்தான் பொறுப்பாம்.

வீட்டில் சொன்னேன். "ஒரு ரப்பர் ஸ்டாம்புக்காடி பதினாலு வருஷம்?" என்றாள் அக்கா. மாமா உடனே தெருவில் இறங்கி, "என் மச்சினி ராக்கெட் பண்றா" என்று எதிர்வீட்டுக்காரரிடம் அளக்கத் தொடங்கிவிட்டார். மாமாவுக்கு ராக்கெட்டும் ரோடு ரோலரும் ஒன்றுதான். எனக்கும் தெரியாது, அது வேறு விஷயம். டிராயிங்கில் எண் மட்டும்தான் இருக்கும். எதில் மாட்டுவார்கள் என்று யார் சொல்கிறார்கள்?

மார்ச் 11, திங்கள்

முத்திரை வந்தது. எண் 17. பழைய காலண்டர் தாளில் ஒன்பது தடவை குத்திப் பார்த்தேன்.

மார்ச் 16, சனி

எட்டும் போய்விட்டன. உபரியாக ஒன்றும் செய்தேன், எப்போதும் அப்படித்தான்.

கடைசி இரண்டும் இழுத்தடித்தன. மதியம் வண்டி வாசலில் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறது. பிரசங்கி என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறார். எட்டாவதை மெஷினிலிருந்து எடுத்தேன், தொட்டேன், சூடு இல்லை, வெளி விட்டத்தை அளந்தேன். கீழ் எல்லைக்கு மேலே மூன்று மைக்ரான். போதும். ஒன்பதாவதும் அதே அளவு. அட்டையில் குத்தினேன். சோதனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காய்ச்சல்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் பக்கம் தூக்கிக் காட்டினேன். பார்க்கட்டும்.

மார்ச் 18, திங்கள்

காலையில் சும்மா கை அரிப்புக்கு, மேசையில் இருந்த ஒன்பதாவது வளையத்தை எடுத்து அளந்தேன்.

கீழ் எல்லைக்கும் கீழே நாலு மைக்ரான்.

மைக்ரோமீட்டரைத் துடைத்தேன். மறுபடி அளந்தேன். இடம் மாற்றி அளந்தேன். நாலு. வளையமும் மைக்ரோமீட்டரும் ஞாயிறு முழுக்க ஒரே மேசையில் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்திருக்கின்றன. இப்போது சொல்வதுதான் உண்மை. சனிக்கிழமை சொன்னது பொய். சூட்டில் உப்பியிருந்த இரும்பை அளந்து சரி என்றிருக்கிறேன், ஆறியதும் ஏழு மைக்ரான் சுருங்கிவிட்டது. கணக்குப் போட்டால் ஐந்து டிகிரி. அவ்வளவுதான். ஐந்து டிகிரி கைக்குத் தெரியாது. முதல் வருஷம் சேருகிற பிள்ளைக்குத் தெரியும் இது!

எட்டாவதும் இதே போலத்தான் இருக்கும். அது என் எண் குத்திய அட்டையோடு வண்டியேறிவிட்டது. குறைந்த இரும்பை ஒட்டவா முடியும்?

முந்தைய ஏழும் நிதானமாகச் செய்தவை, ஆறிய பின் அளந்தவை. அந்த ஒன்று மட்டும்தான். அந்த ஒன்று போதாதா?

மார்ச் 19, செவ்வாய்

பிரசங்கியிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாலு மைக்ரானா? தலைமுடியில இருபதுல ஒரு பங்கும்மா அது. போற இடத்துல அளக்கவா போறாங்க? உன் முத்திரையைப் பாத்து எடுத்துப்பாங்க. பத்து நாள் அவங்க கிடங்குல தூங்கும், அப்புறம் மாட்டிடுவாங்க. நீ சும்மா இரு."

சொல்லிவிட்டு வெளியே போய், அந்தக் கோணல் பலகைக்குக் கீழே நின்று தரத்தைப் பற்றிப் பேசினார். நானும் கை கட்டிக்கொண்டு கேட்டேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

மார்ச் 20, புதன்

வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மாமா இன்று பால்காரரிடம் ராக்கெட் கதை சொன்னார். எழுந்து உள்ளே போய்விட்டேன். "என்னடி, ரெண்டு நாளா மூஞ்சி சரியில்ல?" என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லையா? அந்த வளையத்துக்குள் ஏதோ சுழலும். தளர்ந்திருந்தால் ஆடும். யாரோ ஒருவன் பக்கத்தில் நிற்பான். அவனுக்கு என்னைத் தெரியாது, அட்டையில் இருக்கிற பதினேழு மட்டும் தெரியும்.

இல்லை, நாலு மைக்ரானில் ஒன்றும் ஆகாது. அநேகமாக ஆகாது. இந்த அநேகமாகவை அண்ணன் சொல்லியிருந்தால் என்ன கிழி கிழித்திருப்பேன்!

மார்ச் 21, வியாழன்

காலையில் பிரசங்கி என் மெஷினுக்கே வந்தார். எல்லார் எதிரிலும் தோளில் தட்டினார். குனிந்து காதோடு சொன்னார்: "கெட்டிக்காரி. இனிமே நீ நம்ம ஆளு."

நம்ம ஆளா? யாரு, நானா? பதினாலு வருஷமா இந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்து மனசுக்குள்ள துப்பிக்கிட்டு இருக்கேன். அவரோட ஆளா ஆகத்தானா இவ்வளவு பாடும்? உடம்பு கூசிப்போச்சு.

மெஷினை நிறுத்தினேன். ஒன்பதாவது வளையத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சோதனை அறைக்குப் போனேன். மனசாட்சி கூப்பிட்டதால் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த ஆள்மேல் இருந்த வெறுப்புதான் பிடித்துத் தள்ளியது. எதுவோ, போய்விட்டேன்.

காய்ச்சல்காரி சிரிப்பாள் என்று நினைத்தேன். பதிலுக்குச் சொல்ல இரண்டு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. எட்டாவது எந்தப் பெட்டியில போச்சு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் அடித்தாள். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். தயாராக வைத்திருந்த இரண்டு வார்த்தையும் வீணாகப் போயின.

மார்ச் 27, புதன்

பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது. காய்ச்சல்காரி அளந்தாள். நாலு மைக்ரான், அப்படியே.

எட்டும் ஒன்பதும், இரண்டையும் அறுத்தேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை ரம்பத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது! கடைசிப் பாதி விழுந்ததும் புலம்பல் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ரெண்டு வளையம், நாலு பாதி. உங்க வீட்ல கதவு எத்தனை?"

ஆலையே கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அவருக்குப் பல் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. இரும்புத் தூள் என்று சொன்னேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம்கூடக் குத்தவில்லை. பிரசங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் சொன்னதற்குச் சாட்சி சாத்திய கதவுதானே. புதுப் பகுதியும் முத்திரையும் புலம்பல் அண்ணனுக்கு. நான் அவருக்குக் கீழே.

அக்கா, "போனா போகுது, ரப்பர்தானே" என்றாள். பத்து நிமிஷம் கழித்துத் தட்டில் எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அஞ்சு டிகிரி. வைத்தது யார் என்று கண்டுபிடிக்கிறேன், அப்புறம் இருக்கிறது அவனுக்கு.

ஏப்ரல் 10, புதன்

காய்ச்சல்காரி.

செப்டம்பர் 10, செவ்வாய்

முத்திரை இன்னும் வரவில்லை. கேட்கவும் இல்லை. பிரசங்கி இன்றும் பேசினார். பலகை இன்றும் கோணல்.

மதியம் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் செய்த கடைசி வளையம், கையில் அவருடைய முத்திரை, எதிரே அட்டை. பிரசங்கி "குத்துய்யா, குத்து" என்று பறக்கிறார். அண்ணன் முத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்தக் கோடியில் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ அஞ்சு டிகிரி! இதை வந்து பாத்துட்டுப் போம்மா. நீ சொன்னாத்தான் குத்துவேன்."

வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று டிகிரி அதிகம். வண்டி காத்திருக்கட்டும் என்றேன். காத்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டேனே, மானங்கெட்டவள்.